ஆற்றின் நீர்ப்பிடிப்பைக் காக்க எந்தச் சட்டம், எந்த அலுவலகம்?

நொய்யல் போன்ற ஓர் ஆற்றை மலையில் தொடங்கும் இடத்திலிருந்து காவிரியில் சேரும் இடம்வரை முழுதாகக் காக்க ஒரே சட்டம் இருக்கிறதா, ஓடை ஆக்கிரமிப்பு, மணல், சாயக்கழிவு ஆகியவற்றுக்கு யாரிடம் மனு கொடுப்பது என்பது கேள்வி.

ஒரே சட்டம் இல்லை. அரசியலமைப்பில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-ஆவது இனம். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளுக்கு மட்டும் ஒன்றியப் பட்டியலின் 56-ஆவது இனத்தின்கீழ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். அப்படி வந்ததுதான் 1956-ஆம் ஆண்டின் ஆற்று வாரியச் சட்டம். அதன்கீழ் ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. 13 ஆற்றுப்படுகைகளுக்குத் தனித்தனி ஆணையம் அமைக்கச் சொன்ன 2018-ஆம் ஆண்டின் ஆற்றுப்படுகை மேலாண்மை மசோதா வரைவாகவே நின்றுவிட்டது. அதே 2018-இல் வந்த காவிரி மேலாண்மை ஆணையத்தின் வேலை மாநிலங்களுக்கு இடையே தண்ணீரைப் பங்கிடுவது; காவிரி தொடங்கும் குடகிலோ நொய்யல் தொடங்கும் வெள்ளியங்கிரியிலோ மழை விழும் நிலத்தைக் காப்பது அதன் பொறுப்பில் இல்லை. நொய்யலோ முழுக்கத் தமிழ்நாட்டுக்குள் ஓடும் ஆறு.

ஆகவே கையில் இருப்பவை துண்டு துண்டான சட்டங்கள். மலைக்கு ஒன்று, ஏரிக்கு ஒன்று, ஓடைக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அதிகாரி. "ஆற்றைக் காப்பாற்றுங்கள்" என்று மாவட்ட ஆட்சியருக்குப் போகும் மனு நான்கு துறைகளைச் சுற்றிவிட்டு "எங்கள் துறைக்கு உட்பட்டதல்ல" என்ற பதிலோடு திரும்புவதற்குப் பெரும்பாலும் அதிகாரியின் மெத்தனம் மட்டும் காரணமல்ல. எந்தச் சர்வே எண், அது என்ன வகைப்பாடு, யார் பொறுப்பு என்பது மனுவில் இல்லாமல் போவதும் காரணம்.

அதனால் முதல் வேலை வருவாய்ப் பதிவேடு. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் மேட்டு முகடுகளை இணைத்துக் கோடு போட்டால் நீர்ப்பிடிப்பின், அதாவது ஆற்றுக்கு மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பின், எல்லை கிடைக்கும். அதற்குள் வரும் கிராமங்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் 'அ' பதிவேட்டையும் (சர்வே எண்வாரியாக நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்வது) புல வரைபடத்தையும் (எஃப்.எம்.பி. என்றால்தான் அலுவலகத்தில் புரியும்) எடுங்கள், இரண்டும் அரசின் மின்சேவைத் தளத்தில் சர்வே எண்வாரியாகக் கிடைக்கின்றன. ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, ஏரி, குளம், குட்டை, மலை, தரிசு, தீர்வை ஏற்பட்ட பட்டா என்று வகைவாரியாகப் பிரித்துக் குறியுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. இன்று கணினியில் தெரியும் பதிவேடு, 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்துக்கு, அதாவது யு.டி.ஆர். திட்டத்துக்குப் பிறகான நிலை. அந்தச் சமயத்தில் வாய்க்காலும் ஓடையும் பட்டாவாக ஏறிய இடங்கள் உண்டு. எனவே யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் "இல்லை" என்றால் மாவட்ட ஆவணக் காப்பறைக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். பதிலுக்கு 30 நாள். பழையதில் ஓடை, புதியதில் பட்டா என்று இரண்டு பதிவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது யு.டி.ஆர். பிழைத் திருத்தம்; மாவட்ட வருவாய் அலுவலரிடம் போக வேண்டும். இது தெரியாமல் நேராக ஆக்கிரமிப்பு அகற்றக் கேட்டால், எதிர்த்தரப்பு பட்டாவைக் காட்டும், மனு அன்றோடு முடிந்துவிடும்.

புறம்போக்கு என்று உறுதியான ஓடைக்கும் வாய்க்காலுக்கும் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான் இன்றும் ஆயுதம். அதன் 2-ஆம் பிரிவு ஆறு, ஓடை, ஏரி, நீர்வழி அனைத்தின் படுகையும் அரசின் சொத்து என்கிறது. தாசில்தார் 7-ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். பதிலைப் பார்த்து 6-ஆம் பிரிவில் வெளியேற்ற உத்தரவிடலாம். மேல்முறையீடு உண்டு. 7 இல்லாமல் 6-க்குத் தாவினால் உயர் நீதிமன்றத்தில் ஒரே வாய்தாவில் உத்தரவு ரத்தாகும். ஆக்கிரமிப்பாளர்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பதே இந்தத் தவறுக்குத்தான். அதனால் மனு கொடுத்தவரும் 7-ஆம் பிரிவு நோட்டீஸின் நகல், அது சேர்ந்ததற்கான ஒப்புதல் ஆகியவற்றைக் கேட்டுச் சரிபார்ப்பது நல்லது. இன்னொன்று: 'பி-மெமோ' (ஆக்கிரமிப்பைப் பதிந்து வருவாய்த் துறை தரும் குறிப்பு) போட்டு அபராதத் தீர்வை கட்டிய ரசீதுகளை உரிமை ஆவணம்போல நீட்டுவார்கள். அது உரிமை ஆவணம் அல்ல. இந்த நிலம் என்னுடையதல்ல என்று ஆண்டுதோறும் ஒப்புக்கொண்டதற்கான சாட்சி அது.

ஏரி என்றால் வேறு சட்டம்: 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். ஆனால் இது பொதுப்பணித்துறையின், இப்போது நீர்வளத் துறையின், கட்டுப்பாட்டிலுள்ள ஏரிகளுக்கு மட்டும். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் அந்தத் துறையிடமும், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. ஒன்றிய ஏரிக்கு 2007 சட்டத்தை மேற்கோள் காட்டி மனு எழுதுவது மிக வழக்கமான பிழை. அங்கே 1905 சட்டம்தான். 2007 சட்டத்தில் ஏரி என்பது தண்ணீர் நிற்கும் பரப்பு மட்டுமல்ல. கரை, மதகு, கலிங்கு, வரத்துக் கால்வாய், உபரிநீர்க் கால்வாய், உள்வாய் ஆகியவையும் சேரும். முதலில் நில அளவை, பிறகு எல்லையைக் காட்டும் வரைபடமும் பதிவேடும், பிறகு நோட்டீஸ், பிறகுதான் அகற்றம். நோட்டீஸ் என்றால் வெறும் "காலி செய்" அல்ல என்பதை 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் டி.எஸ்.செந்தில்குமார் வழக்கில் தெளிவாக்கியது: அளவைக்கு முன்னும், அகற்றத்துக்கு முன்னும் சம்பந்தப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு தர வேண்டும்.

நீதிமன்றத் தீர்ப்புகளில் மனுவோடு இணைக்கத் தகுந்தவை இரண்டு. குளம் போன்ற பொது நீர்நிலைகளை வேறு பயனுக்கு ஒதுக்க முடியாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2001 ஹிஞ்ச் லால் திவாரி தீர்ப்பு. ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் 2005 எல்.கிருஷ்ணன் தீர்ப்பு. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு எளிய குடிசைகளை மட்டும் இடித்துவிட்டு, அதே நீர்வழியில் நிற்கும் கல்லூரியையும் மண்டபத்தையும் விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. சர்வே எண்வாரியாகப் பட்டியல் தயாரித்தால் இந்தப் பாரபட்சம் தானே வெளியே வரும். மனுவில் முழுப் பட்டியலையும் கேளுங்கள்.

இனி சட்டத்தின் பெரிய ஓட்டை. மலையடிவாரத்தில் தொடங்கும் சின்ன ஓடைகள் பல பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகின்றன. எஃப்.எம்.பி.யில் சில நேரம் கோடாகத் தெரியும், பல நேரம் அதுவும் இருக்காது. புறம்போக்கு இல்லாததால் 1905 சட்டம் தொடாது, ஏரி இல்லாததால் 2007 சட்டம் தொடாது. ரிசார்ட்டும் மனைப்பிரிவும் அந்த ஓடையை மண் கொட்டி மூடுகின்றன. பத்து கிலோமீட்டர் கீழே இருக்கும் ஏரிக்கு வரத்து நிற்கிறது. இங்கே கைகொடுப்பது யாரும் நினைக்காத ஒன்று: 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 7-ஆம் பிரிவு. இயற்கையாக வரையறுத்த தடத்தில் ஓடும் நீர் தன் நிலத்துக்குத் தடையின்றி வர வேண்டும் என்பது கீழ்நிலத்துக்காரரின் உரிமை என்று அதன் எடுத்துக்காட்டுகளே சொல்கின்றன. கீழே நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்டு வழக்குப் போடலாம். பொதுநல மனுவைவிட இது மெதுவானது, ஆனால் சாட்சியமும் நீதிமன்றம் அமர்த்தும் ஆணையரின் நேரடி ஆய்வும் நடக்கும் இடம் அதுதான்.

மலைப்பகுதிக்கு மூன்று அடுக்கு. காப்புக்காடு என்றால் 1882 வனச் சட்டமும் 1980 வனப் பாதுகாப்புச் சட்டமும். பட்டா மலை நிலம் என்றால், அது அறிவிக்கை செய்யப்பட்ட பகுதியாக இருந்தால், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம்: குழுவின் அனுமதியில்லாமல் மரம் வெட்ட முடியாது, நிலத்தைத் திருத்திச் சாகுபடி செய்வதையும் அது கட்டுப்படுத்துகிறது. தனியார் காடுகளுக்கு 1949 சட்டம். இவற்றோடு 'ஹாகா' எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம். இது சட்டத்தால் அல்ல, 1990-ஆம் ஆண்டு அரசாணையால் வந்தது. ஹாகா பட்டியலில் உள்ள கிராமத்தில் மனைப்பிரிவுக்கும் பெரிய கட்டடத்துக்கும் அதன் இசைவு வேண்டும். அரசாணை என்பதால் அரசாணையாலேயே தளர்த்தவும் முடியும் என்பது இதன் பலவீனம். நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தக் கிராமம் ஹாகா பட்டியலில் உண்டா? கட்டிய பிறகு கேட்டால் வரன்முறைப்படுத்தல் விண்ணப்பம் முந்திக்கொள்ளும்.

ஆற்றுப் படுகைக்கு 1884-ஆம் ஆண்டின் ஆறுகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எல்லை அளந்து அறிவிக்கை செய்த ஆற்றில் அனுமதியின்றிக் கரை போடவோ கட்டவோ கூடாது. அறிவிக்கை இல்லாத ஆற்றுக்கு அது வெறும் காகிதம். உங்கள் ஆற்றுக்கு அறிவிக்கை உண்டா என்று நீர்வளத் துறையிடம் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

மணல் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1957 கனிமச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் மாநிலம் விதி போட்டது: 1959-ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகள். 2003-இல் சேர்த்த 38-ஏ விதியோடு தனியார் குத்தகைகள் முடிந்து, ஆற்று மணல் அள்ளும் உரிமை அரசிடம் மட்டும் வந்தது. பாலம், குடிநீர் உறிஞ்சுகிணறு, நீரேற்று நிலையம் ஆகியவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் அள்ளக் கூடாது. உச்ச நீதிமன்றத்தின் 2012 தீபக் குமார் தீர்ப்புக்குப் பிறகு 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. நடுவண் அமைச்சகத்தின் 2020 வழிகாட்டுதல்படி ஆழம் 3 மீட்டர் அல்லது நீர்மட்டம், எது குறைவோ அதுவரை.

மீறலை நிரூபிப்பது எப்படி? லாரி எண்ணிக்கை எழுதி வைப்பது பயனற்றது. "அனுமதித்த அளவுதான்" என்று பதில் வரும். ஆழத்தைக் காட்டுங்கள். பாலத்தின் தூணில் பழைய மணல் மட்டத்தின் கறை தெரியும். அதிலிருந்து இன்றைய படுகை எத்தனை மீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளந்து படமெடுக்கலாம். அதைவிட வலுவானது வாய்க்காலின் தலைமதகு. படுகை இறங்கி மதகின் அடித்தளம் மேலே நின்றால், ஆற்றில் தண்ணீர் போனாலும் வாய்க்காலில் ஏறாது. அந்த உயர வித்தியாசத்தை நீர்வளத் துறைப் பொறியாளரே லெவல் பார்த்து எழுதித் தந்தால், அதை மறுக்க எந்த ஒப்பந்ததாரராலும் முடியாது. கனிமச் சட்டத்தில் நீதிமன்றத்துக்குப் புகார் கொடுக்க அதிகாரம் பெற்ற அலுவலருக்கே உரிமை என்று சொல்லிக் காவல் நிலையம் கைவிரித்தால், 2014 சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள்: அரசு மணலை எடுப்பது தனியே திருட்டுக் குற்றமும் ஆகும், காவல்துறை அதற்கு வழக்குப் பதியலாம்.

கழிவுக்கு 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம். 24-ஆம் பிரிவு கழிவை நீரில் விடத் தடை, 25-ஆம் பிரிவு இசைவாணை (மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் அனுமதி), 33-ஏ பிரிவு மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் அதிகாரம். தமிழ்நாட்டில் இதற்கு மேல் இரண்டு அரசாணைகள் உண்டு, பலருக்குத் தெரியாது. 1989-இன் 213-ஆம் எண் அரசாணை, பட்டியலிட்ட ஆறுகள், நீர்த்தேக்கங்கள் முதலியவற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழிற்சாலைகள் புதிதாக வரத் தடை விதித்தது. 1998-இன் 127-ஆம் எண் அரசாணை, காவிரியும் அதன் கிளையாறுகளும், பெண்ணையாறு, பாலாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்கு அதை 5 கிலோமீட்டராக்கியது. புதிய சாயப்பட்டறைக்கோ தோல் தொழிற்சாலைக்கோ இசைவாணை விண்ணப்பம் வந்தால், ஆற்றங்கரையிலிருந்து தூரத்தை அளந்து ஆட்சேபம் தருவது மற்ற எல்லா வாதங்களையும்விட வேகமாக வேலை செய்யும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஆலை என்றால் மாதிரி எடுப்பதில்தான் வழக்கு நிற்கும் அல்லது விழும். 21-ஆம் பிரிவின்படி வாரிய அலுவலர் ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் எடுத்து, இரண்டாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். இந்த முறை தவறினால் ஆய்வறிக்கை சாட்சியமாகாது. நீங்கள் பாட்டிலில் பிடித்த தண்ணீரும் சாட்சியமாகாது. ஆனால் அலுவலரை வரவழைக்க அது போதும். நீரில் கரைந்த உப்பைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரால் கழிவு சேரும் இடத்துக்குச் சற்று மேலேயும் கீழேயும், ஒரே நாளில், தேதி நேரத்தோடு அளந்து அனுப்புங்கள். ஆற்றில் விடும் கழிவுநீருக்குக் கரைந்த உப்பின் வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம், பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையின் வரம்பு 30. எப்போது அளப்பது என்பதும் முக்கியம். கழிவுநீரை வெளியே விடாமல் உள்ளேயே சுத்திகரிக்கும் பூஜ்ய வெளியேற்ற முறையில் சவ்வூடு வடிகட்டலுக்குப் பிறகு மிஞ்சும் அடர் உப்புநீரை ஆவியாக்குவதுதான் அதிகச் செலவு. ஆகவே ஆவியாக்கியை நிறுத்திவிட்டு இரவிலும் மழை நாளிலும் திறந்துவிடும் சபலம் எப்போதும் உண்டு. பகல் பத்து மணிக்கு எடுத்த மாதிரி பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

இந்தச் சட்டத்துக்குப் பல் இருக்கிறதா என்பதற்கு நொய்யலே சாட்சி. ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளுக்குப் பூஜ்ய வெளியேற்றத்தைக் கட்டாயமாக்கியது. நிறைவேறாததால் 2011 ஜனவரியில் மூட உத்தரவிட்டது. அதற்குள் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகிவிட்டது. பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் தந்த 1996 வேலூர் தீர்ப்பு "மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்" என்ற கொள்கையை நிலைநாட்டி, இழப்பீடு கணக்கிடத் தனி ஆணையத்தையும் அமைக்கச் செய்தது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. அபராதமும் இழப்பீடும் பணத்தைத் தரும், உப்பேறிய கிணற்றைத் திருப்பித் தராது. அதனால்தான் தூர வரம்பு அரசாணைகளை நான் பெரிதாகச் சொல்கிறேன்.

நிலத்தடி நீரை இந்தக் கணக்கில் சேர்க்கவே வழியில்லை. 2003-இல் இயற்றிய தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு மட்டும் 1987 சட்டம் உண்டு.

"ஏரிகளை ஈரநிலமாக அறிவிக்கலாமே" என்ற யோசனை அடிக்கடி வருகிறது. 2017 ஈரநில விதிகள் ஆற்றுத் தடங்களையும், பாசனத்துக்கும் குடிநீருக்குமாக மனிதர் கட்டிய நீர்நிலைகளையும் வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. நம் ஏரிகள் ஏறக்குறைய எல்லாமே பாசனத்துக்குக் கட்டியவை. வேடந்தாங்கல்போல சரணாலயம், ராம்சார் (பன்னாட்டு ஈரநில ஒப்பந்தம்) தகுதி என்று வேறு வழியில் வந்தவை விதிவிலக்கு.

எதிர்த்திசையில் ஒரு சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2023-இல் நிறைவேறிய தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத, உள்ளே நீர்நிலையோ ஓடையோ உள்ள திட்டப் பகுதிகளுக்கானது. நீர்நிலை அமைந்த நிலத்தையும் மற்ற நிலத்தோடு சேர்த்துத் திட்டம் போட இது வழி செய்கிறது. நிபுணர் குழு ஆய்வும் மக்கள் கருத்துக் கேட்பும் உண்டு. மேலே சொன்ன சர்வே எண் பட்டியலைத் தயாராக வைத்திருப்பவர்தான் அந்தக் கருத்துக் கேட்பில் பேச முடியும். ஓடை எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அன்று தேட நேரம் இருக்காது.

கடைசியாக, எந்த நீதிமன்றம்? தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய், வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் அதன் அதிகாரம் முதல் அட்டவணையில் உள்ள சட்டங்களோடு கட்டுண்டது. நீர்ச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், வனப் பாதுகாப்புச் சட்டம் அதில் உண்டு. 1905-உம் 2007-உம் இல்லை. ஆகவே வெறும் புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்றால் உயர் நீதிமன்றம். கழிவு, அனுமதியற்ற குவாரி என்றால் தீர்ப்பாயம். அங்கே கெடு கண்டிப்பானது: 14-ஆம் பிரிவு மனுவுக்கு, பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்கும் மேல்முறையீட்டுக்கு வெறும் 30 நாள், கூடுதலாக அதிகபட்சம் 60. மாவட்ட அலுவலகங்களுக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருந்தால் இந்தக் கெடு நீளாது. அதனால் முதல் மனுவை அனுப்பும் நாளிலேயே தீர்ப்பாய மனுவுக்கான கடைசித் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டு மாதம் முன்பே வரைவைத் தொடங்கிவிட வேண்டும்.